தாத்தாவின் இரண்டு வரிக் காமராசர்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு காணொளியை அனுப்பியிருந்தார்கள். காமராசரைப் பற்றியது. ஒன்பது நிமிடம். பின்னணியில் வயலின் அழுகிறது. குரல் கொடுப்பவரும் ஏறக்குறைய அழுகிறார். கேட்டுப் பார்த்தால், நமக்கெல்லாம் தெரிந்த சைரன் கதைதான். முதலில் எரிச்சல் வந்தது. அது அடங்கியதும் தாத்தாவின் ஞாபகம் வந்தது. இதே கதையை அவர் சொல்லி முடிக்க, கால் கிலோ துவரம்பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற நேரம்கூட ஆகாது.

தாத்தா, அம்மாவின் அப்பா, விருதுநகரில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று மூட்டை மூட்டையாக மொத்த வியாபாரம் நடக்கிற ஊரில், பத்துப் பைசாவுக்குக் கடுகு கேட்டாலும் மடித்துக் கொடுக்கிற கடை. கல்லாவுக்கு மேலே மாரியம்மன். அம்மனுக்குப் பக்கத்தில், ஊதுபத்திப் புகையில் பழுத்து மஞ்சளாகிப்போன காமராசர். காலையில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்திதான், தாத்தா சிக்கனக்காரர்.

முழுப்பரீட்சை லீவுக்கு ஆண்டுதோறும் நான் அங்கே போய்விடுவேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருவார்கள், மீதிப் பேர் சும்மா வருவார்கள். அவர்களில் யாராவது ஒருவர், "அண்ணாச்சி, அந்தச் சங்கு கதையைச் சொல்லுங்க" என்பார். நூறு தடவை கேட்டவராகத்தான் இருப்பார்.

தாத்தா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்.

"முதலமைச்சர் ஆகி மொத நாளு. முன்னாடி போலீஸ் வண்டி 'ஊ'ன்னு கத்திக்கிட்டே போகுது. நிறுத்தச் சொன்னாரு. 'நான் இன்னும் உசுரோடதான இருக்கேன், அதுக்குள்ள எதுக்குய்யா சங்கு ஊதுறே'ன்னாரு. அம்புட்டுத்தான்."

அந்த 'அம்புட்டுத்தான்' வந்ததும் ஒரு நொடி கடையே அமைதியாகும். அப்புறம் சிரிப்பு. தாத்தா சிரிக்க மாட்டார். பொட்டலத்தில் சணல் சுற்றிக்கொண்டிருப்பார். பேசாத மனிதரைப் பற்றிய கதையைப் பேசாமல்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. நான் இப்போது ஏங்குவது அந்தக் கடைக்காகவா, தாத்தாவுக்காகவா, காமராசருக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காமராசர் 1975 அக்டோபர் 2-ல் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. அவரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத் தாத்தா கடையைத் திறக்கவில்லை என்பதும் அம்மா சொல்லித்தான் தெரியும்.

காமராசர் வாயே திறக்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. மேடையேறினால் ஒரு மணி நேரம்கூடப் பேசுவார். ஆனால் அது மேடைத் தமிழ் இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் அண்ணாவும் அவர் தம்பிமாரும் அடுக்குமொழியில் மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காங்கிரசிலேயே, காமராசரை வளர்த்துவிட்ட சத்தியமூர்த்தி பேச்சுக்கே பெயர் போனவர். இவர்களுக்கு நடுவில், கடையில் நின்று பேரம் பேசுகிற தமிழில் ஒருத்தர் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ன்னேன்' தொங்கும். "என்னான்னேன்", "போங்கன்னேன்", "ஆகட்டும்ன்னேன்". ஒப்பிக்கச் சுலபமான வால். விருதுநகரில் அந்தக் காலத்துப் பையன்கள் எல்லோருக்கும் அது வரும். தாத்தாவுக்கு நன்றாகவே வரும். தாடையைக் கொஞ்சம் இறக்கி, தொண்டையைக் கனமாக்கிக்கொள்வார். பாட்டி உள்ளேயிருந்து "சோறு ஆறிப்போகுது" என்று கத்தினால், "வாரேன்ன்னேன்" என்று அதே குரலில் பதில் போகும். பாட்டி பதில் பேச மாட்டாள்.

மேடைக்கு வெளியே, நாலு சுவருக்குள் உட்கார்ந்துவிட்டால்தான் காமராசருடைய அந்தப் பேர்போன பேசாமை. யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "ஆகட்டும், பார்க்கலாம்." பிற்காலத்தில் டெல்லி இங்கிலீஷ் பத்திரிகைகள் அதை மொழிபெயர்க்க முடியாமல் 'பார்க்கலாம்' என்றே அச்சடிக்கும் அளவுக்கு அது புகழடைந்தது.

இந்தப் 'பார்க்கலாம்' பற்றித் தாத்தாவிடம் ஒரு கதை இருந்தது. காமராசருடன் சிறையில் இருந்த ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகையோடு அவரிடம் போகிறார். அவசியம் வர வேண்டும் என்கிறார். "வேலை இருக்கு, பார்க்கலாம்" என்று பத்திரிகையை வாங்கி வைத்துக்கொள்கிறார் முதலமைச்சர். வந்தவருக்கு முகம் வாடிவிட்டது. கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்துக்கு வாசலில் கார் நிற்கிறது. இறங்கியவர் காமராசர். அழுதுகொண்டு நின்ற நண்பரிடம் சொன்னாராம்: "வர்றேன்னு சொல்லியிருந்தா நீ கடன் வாங்கிப் பந்தலைப் பெருசாப் போட்டிருப்பே."

இந்தக் கதைக்கும் தமிழ்நாடு முழுக்கப் பல வடிவங்கள் உண்டு. ஊர் மாறும், நண்பர் மாறுவார், சில இடங்களில் மகள் மகனாகிவிடுவாள். எது நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இதைக் கேட்ட பிறகு தாத்தா கடையில் கடன் கேட்டு வருகிறவர்கள் "பார்க்கலாம்" என்ற பதிலுக்குக் கொஞ்சம் நம்பிக்கையோடு போனதை நானே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சாமான் அவர்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரு கெட்டி இருந்தது. இப்போது இல்லை. இரண்டு வருடம் முன்பு, ஒரு பெயர் திருத்தத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தேன். எதிரே இருந்தவர் நல்ல மனிதர்தான், ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம் சார்" என்பார். ஏழாவது தடவைக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவர் தமிழில் அதற்கு 'முடியாது' என்று பொருள். அகராதிக்காரர்கள் யாராவது இந்தச் சொல்லின் பொருள் எந்த ஆண்டில் மாறியது என்று தேடிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

சின்ன வயதுக் காமராசரைப் பற்றித் தாத்தா சொல்வது பொரி கதை. ஊரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய சத்திரிய வித்தியாசாலாதான் அவர் படித்த பள்ளிக்கூடம். பிள்ளையார் சதுர்த்திக்குப் பூஜை முடிந்து பொரி கடலை கொடுக்கிறார்கள். எல்லாப் பையன்களும் முண்டியடித்து அள்ளிக்கொண்டு போக, இவர் ஒதுங்கி நின்று கடைசியில் கிடைத்த ஒரு துளியோடு வீட்டுக்குப் போகிறார். பாட்டி பார்வதி அம்மாள் ஏன் இவ்வளவுதான் என்று கேட்க, "எல்லாருக்கும் சரியாக் குடுக்க வேண்டியது வாத்தியார் வேலை" என்றாராம். இந்த இடத்தில் தாத்தா தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார்: "முண்டுறவனுக்குப் பொரி, முண்டாதவனுக்கு நாற்காலி." நானும் பள்ளிக்கூடத்தில் ஒரு சரஸ்வதி பூஜைக்கு முண்டாமல் ஒதுங்கி நின்று பார்த்தேன். பொரியும் கிடைக்கவில்லை.

நாற்காலி விஷயத்தில் காமராசரே பெரிய வேடிக்கைக்காரர். வேலூர்ச் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சிக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1941-ல் விடுதலையாகி ஊருக்கு வந்தார். நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். முழுமையாக வேலை செய்ய முடியாத பதவியில் இருக்கக் கூடாது என்று சொல்லி விலகிவிட்டு வெளியே வந்துவிட்டார். "நாற்காலி சூடுகூட ஏறலை" என்பார் தாத்தா.

அடுத்த வருடம் இன்னொரு கூத்து. 1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் முடிந்து ரயிலில் திரும்புகிறார். வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியாகிவிட்டது. தலைவர்களையெல்லாம் வரிசையாகப் பிடிக்கிறார்கள். அரக்கோணத்தில் போலீஸ் காத்திருக்கிறது. இவர் அவர்கள் கண்ணில் படாமல் இறங்கிப் போய், ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஒவ்வோர் ஊராகச் சுற்றி ஆட்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நேரே விருதுநகர் வந்து சேர்ந்தார். போலீசுக்கு அவரே ஆள் அனுப்பினார்: வேலை முடிந்துவிட்டது, வந்து கைது செய்துகொள்ளலாம். மூன்று வருடம் உள்ளே இருந்தார். இந்தக் கதையில் தாத்தாவுக்குப் பிடித்தது போலீஸ்காரரின் முகம். அதை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கண்ணை விரித்து, வாயைப் பிளந்து நடித்துக் காட்டுவார். ஒரு சொல்கூட இருக்காது.

1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர் ஆனதும் அவர் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். தலைமைப் பதவிக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். அணைகள், பள்ளிக்கூடங்கள், மதிய உணவு எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவும் சொன்னதில்லை. அவருக்குப் பிடித்தது திருவெறும்பூர்க் கதை. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த நிபுணர்கள் கொதிகலன் தொழிற்சாலைக்கு இடம் தேடி மாநிலமெல்லாம் சுற்றிவிட்டு, சரியான இடம் இல்லை என்று மூட்டை கட்டுகிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்கிறார் காமராசர். தண்ணீர், கரண்டு, ரயில், பரந்த நிலம். "திருச்சிப் பக்கத்தில திருவெறும்பூர் பார்த்தாகளா?" பார்க்கவில்லை. போய்ப் பார்த்தார்கள். பெல் தொழிற்சாலை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. "நடந்து பார்த்த ஆளுக்கு மேப்பு எதுக்கு" என்று தாத்தா முடிப்பார். அது அவருடைய நீளமான கதைகளில் ஒன்று. முக்கால் கிலோ பருப்பு.

1963-ல் அதே அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி நாளில் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். அடுத்த ஆண்டு காங்கிரஸ் தலைவர். 1964 மே 27-ல் நேரு மறைந்தபோது, அடுத்தது யார் என்ற கேள்வி அவர் மடியில் வந்து விழுந்தது. எம்.பி.க்கள், முதலமைச்சர்கள் என்று ஒவ்வொருவராக உள்ளே போய் அவரிடம் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே போனவன் ஒவ்வொருவனும் 'நம்ம ஆளுதான்' என்ற சந்தோஷத்தோடு வெளியே வந்தான் என்பது தாத்தாவின் கட்சி. ஜூன் 2-ல் லால் பகதூர் சாஸ்திரி. சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்ததும், 1966 ஜனவரியில் மறுபடி அதே வேலை. இந்தத் தடவை ஓட்டெடுப்பு. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. நீங்களே பிரதமராகக் கூடாதா என்று கேட்டவர்களிடம், இந்தியும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, எப்படி என்று இரண்டு மூன்று சொல்லில் கதவைச் சாத்திவிட்டார். உண்மையில் இங்கிலீஷ் பேப்பரை அவர் வாசிப்பார், பேசினால் புரிந்துகொள்வார். "தெரியாதுன்னு சொல்லிக்கிற அளவுக்குத் தெரியும்" என்பார் தாத்தா.

மூன்றே ஆண்டில் காங்கிரஸ் இரண்டாகி, இந்திரா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் ஆனார்கள். பேசாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டுதானே. தாத்தா இதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வரி: "பார்க்கலாம் பார்க்கலாம்னவரைப் பார்த்துட்டாக."

இதற்கெல்லாம் நடுவில் 1967 இருக்கிறது. அதைத்தான் எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

1967 பிப்ரவரித் தேர்தலில் காமராசர் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிரே தி.மு.க.வின் பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். பிரசார நேரத்தில் கார் விபத்தாகிக் காமராசர் படுக்கையில் இருந்தார். "படுத்துக்கிட்டே ஜெயிப்பேன்" என்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. வாயைத் திறக்காத மனிதர் பெயரில் உலவிய ஒரே சவடால் அதுதான். அதுவே பலிக்கவில்லை. 1285 ஓட்டில் தோற்றார்.

அந்த வருடம் மழை பொய்த்து, அரிசி கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றது. தாத்தா கடையில் அரிசி மூட்டை அடுக்குகிற மூலை மாதக்கணக்கில் காலியாகக் கிடந்ததாம். ரூபாய்க்கு மூன்று படி என்று தி.மு.க. சுவரெங்கும் எழுதியது. போதாக்குறைக்கு, மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மாமா 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சிக்குப் போய் மண்டையில் தடியடிக் காயத்தோடு வந்திருந்தார். தேர்தலில் சீனிவாசனுக்காகத் தெருத்தெருவாகச் சைக்கிளில் சுற்றினார். கல்லாவுக்கு மேலே காமராசர் படம். கல்லாவுக்குப் பின்னால் கறுப்பு சிவப்புக் கொடி கட்டிய சைக்கிள். அப்பாவும் மகனும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று அம்மா சொல்வாள். இரவில் ஒரே பானைச் சோற்றை இருவரும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போவார்களாம். அந்த வருடம் அந்தப் பானையில் என்ன இருந்தது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடையில் 1967 பேச்சு வந்தால் தாத்தா கணக்குக்குள் போய்விடுவார். யாராவது, "ஆயிரத்து இருநூத்து எம்பத்தஞ்சு ஓட்டு அண்ணாச்சி" என்று பெருமூச்சு விட்டால், அவர் திருத்துவார்: "அம்புட்டு வேண்டாம்யா. அறுநூத்து நாப்பத்து மூணு பேரு மாத்திக் குத்தியிருந்தாப் போதும்." வியாபாரி அல்லவா. ஓர் ஓட்டு இங்கிருந்து அங்கே போனால் இரண்டு வித்தியாசம் என்பது அவருக்குத் தராசிலேயே தெரிந்த விஷயம்.

பி.யு.சி. இல்லாமல் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்த திமிரில், ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"தாத்தா, 67-ல நீங்க யாருக்குப் போட்டீக? காங்கிரஸ் காளைக்கா, தி.மு.க. சூரியனுக்கா?"

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். தாத்தா மல்லி நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து நாலு மல்லியை எடுத்தார், மறுபடி இரண்டைப் போட்டார்.

"அந்த அறுநூத்து நாப்பத்து மூணுல நீங்களும் ஒரு ஆளா?"

"அப்புறம் சொல்றேன்லே."

"எப்ப?"

"பார்க்கலாம்."

1991-ல் அவர் போய்விட்டார். சொல்லவில்லை. கடையை மாமா கொஞ்ச நாள் நடத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது அந்த இடத்தில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு எப்படியோ அந்த ஓட்டில் வந்து நின்றது. மாமா, "அப்பா காளைக்குத்தான் குத்தியிருப்பாரு, படத்தை ஒருநாளும் கழட்டலையே" என்றார். சித்தப்பா, கடையில் அரிசி இல்லாத கோபத்தில் சூரியனுக்குத்தான் போட்டிருப்பார் என்றார். ஆளாளுக்கு அரை மணி நேரம் வாதாடினார்கள். தாத்தா இருந்திருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

பாட்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். சும்மா, பேச்சுக்கு, "உனக்குத் தெரியுமா பாட்டி?" என்று கேட்டேன்.

"அவரு யாருக்குப் போட்டாரோ எனக்கென்ன தெரியும்?" என்றாள். "நான் சூரியனுக்குப் போட்டேன். வீட்டுல அரிசி இல்லை."

மாமா திரும்பிப் பார்த்தார். இருபத்து நான்கு வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"என்னை யாரு கேட்டீக?" என்று சொல்லிவிட்டுப் பாட்டி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.